அப்பாவின் அம்பாசிடரை நானே ஓட வைக்க முடியுமா?

கேள்வி: அப்பா 1974-இல் புதிதாக வாங்கிய அம்பாசிடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. ஒன்பது வருடமாக ஷெட்டில் நிற்கிறது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, ஆர்.சி. இன்னும் அவர் பேரில்தான். அம்மாவை ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் போய்வந்தால் போதும். என் பைக்கை நானே சர்வீஸ் செய்வேன், கார் வேலை புதிது. நானே செய்யலாமா? 15 வருடம் தாண்டிய வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்கிறார்களே? எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகுமா? புது பேட்டரி வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (தேனி மாவட்ட வாசகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒன்பது வருடம் நின்ற இஞ்சினில் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்காது, பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம். டேங்கில் கெட்டியாகிப்போன பழைய பெட்ரோல் கிடக்கும். நன்றாகவே இருந்த பல இஞ்சின்கள் ஆசையாகச் சாவி போட்ட அந்த முதல் நாளில்தான் வீணாகியிருக்கின்றன. பேட்டரியை ஓரமாக வைத்துவிட்டு இந்த வரிசையில் போங்கள்: காகிதம், பாடி, பிரேக், பெட்ரோல் லைன். இஞ்சின் அதற்கப்புறம்.

நீங்களே செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்த வண்டி இது. 2014 வரை அங்கே உற்பத்தி நடந்தது. 1489 சிசி இஞ்சின், ஒரு கார்பரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்), அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது. பானெட்டைத் தூக்கினால் கை நுழையாத இடமே இல்லை. பைக்கில் பாயிண்டும் டாப்பெட்டும் பார்த்துப் பழகியவருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் பைக் ஸ்பானர் செட்டை மட்டும் இதில் போடாதீர்கள். இஞ்சினின் போல்ட்டெல்லாம் இஞ்ச் அளவு. 13 மில்லிமீட்டர் ஸ்பானரை அரை இஞ்ச் நட்டில் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும், அப்புறம் உளியால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். இஞ்ச் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

சரி, காகிதத்துக்கு வருவோம். வண்டிக்கு ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன்னால் இதைத் தொடங்கிவிடச் சொல்வேன், வண்டியை ஆய்வுக்குக் காட்டுவது மட்டும் கடைசியில். 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காரை ஓட்டக்கூடாது என்று நீங்கள் கேள்விப்பட்டது டெல்லி வட்டாரத்துக்கு வந்த கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் முதல் 15 வருடம் முடிந்த சொந்த உபயோகக் காரை ஆய்வாளரிடம் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். எஃப்.சி. காட்டுவது என்று ஊரில் சொல்கிறோமே, அதுதான். அதற்கு விண்ணப்பம் படிவம் 25. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வருடம் கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரியும் காலம் கடந்ததற்கான தொகையும் தனி. மொத்தக் கணக்கை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொடுக்கும் பத்திரம் ஆகியவை வேண்டும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது தாண்டிவிட்டது, ஆகவே இன்னும் தள்ளிப்போடாதீர்கள். 1974-இன் கையெழுத்துப் புத்தகத்தில் இருக்கும் பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாவிட்டால் முதலில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும், இல்லையேல் எந்த விண்ணப்பமும் நகராது. சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத் துணியால் துடைத்து நீங்களே படித்துவிடுங்கள். பல அம்பாசிடர்களுக்கு நடுவில் எப்போதோ இஞ்சின் மாறியிருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதில் ஒரு விஷயம் உங்கள் வண்டிக்கு முக்கியம். 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் கார்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-இல் தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் கார் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான உபயோகத்துக்கு எடுக்கக்கூடாது. அம்மாவோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

அடுத்து பாடி. அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பெட்டியும்தான் வண்டியின் முதுகெலும்பு. ஆகவே அங்கே துரு என்றால் அழகுப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். மேட்டை எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், டிக்கியின் ஸ்டெப்னிக் குழி, இவை முக்கியம். முனை உள்ளே போனால் அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். இந்த ஒரு வேலையை நல்ல டிங்கரிடம் கொடுத்துவிடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். துருவின் மேலேயே தகடு ஒட்டி பட்டி பூசிவிட்டால் பார்வைக்குத் தெரியாது, இரண்டு மழைக்காலத்தில் வெளியே வந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வண்டியை விட்டுத் தூரமாக வைத்துவிட வேண்டும். பெயிண்ட், சீட் துணி, குரோமியம் எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பெயிண்டில் பணத்தைப் போட்டுவிட்டு பிரேக்குக்குக் காசில்லாமல் நிற்கும் வண்டிகள் நிறைய.

பிரேக் வேலையில்தான் உங்கள் நேரத்தில் பாதி போக வேண்டும். உங்கள் மார்க் 2-வில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே ஹைட்ராலிக் லைன். இக்காலத்துக் கார்களில் ஒரு லைன் போனால் இன்னொன்று பிடிக்கும். இதில் எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி தரையைத் தொட்டுவிடும், ஹேண்ட் பிரேக் மட்டுமே மிச்சம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. ஒன்பது வருடத்தில் அந்த ஈரம் சிலிண்டருக்குள் குழி குழியாகத் துருப்பிடிக்க வைத்திருக்கும். அதனால் எது நன்றாக இருக்கிறது என்று சோதித்துக்கொண்டிருக்காமல் ரப்பர் அத்தனையையும் மாற்றிவிடுங்கள்: மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட்டுகள் (முன் சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின்னால் ஒவ்வொன்று), முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று ஹோஸ். சிலிண்டரின் உள்சுவரில் நகம் தட்டும் அளவு குழி இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

இந்தப் பாகங்களை பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள். மெக்கானிக் கடைகளில் இன்னும் அப்படிச் செய்வதைப் பார்க்கலாம். அதில் பட்ட பிரேக் ரப்பர் ஊதிவிடும், சில வாரத்தில் பிரேக் இறுகிச் சக்கரம் பிடித்துக்கொள்ளும். புது பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோ மட்டும் கழுவுங்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். டிரம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி அருகில் வாருங்கள். மிதிக்க வீட்டில் ஒருவர் துணை இருந்தால் போதும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது.

வண்டிக்கு அடியில் போகும்போது செங்கல்லையோ ஹாலோபிளாக்கையோ நம்பாதீர்கள். பாரம் ஒரு ஓரத்தில் விழுந்தால் அவை பொலபொலவென்று உடைந்துவிடும். இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள், வாங்கும்வரை அடியில் போகாதீர்கள். இதை உங்கள் அம்மாவுக்காகவும் சொல்கிறேன்.

எத்தனால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது பங்க்குகளில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இஞ்சினின் இரும்புக்கு அதனால் உடனடி ஆபத்து இல்லை, பாதிக்கப்படுவது பழைய ரப்பரும் கார்க்கும்தான். பெட்ரோல் ஹோஸ் உள்ளே உரிந்து கசியும், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப்பின் டயஃப்ரம் தளரும், கார்பரேட்டர் பேக்கிங் ஊதும். சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது எதில் போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் (விட்டான் ரப்பர் என்று கேளுங்கள்), புது டயஃப்ரம், புது பேக்கிங் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்து ஓடும். கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைச் சற்றுக் கூட்டி வையுங்கள். எத்தனாலும் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் டேங்கில் நிற்கவிடக்கூடாது. பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கி, டேங்கைக் கழற்றிக் கழுவி, துரு வராது என்று உறுதியாகும்வரை கேனிலிருந்து தனிக் குழாய் வழியாகவே இஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுங்கள்.

எத்தனாலைவிட இந்த இஞ்சினைப் பாதித்தது ஈயம் நின்றுபோனது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இதன் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு. எக்ஸாஸ்ட் வால்வு நேராக அந்த இரும்பிலேயே உட்காருகிறது. அந்த இடம் தேயாமல் காத்தது ஈயம்தான். இதற்காக இப்போதே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. டாப்பெட் இடைவெளி 0.015 அங்குலம் வைத்துவிட்டு அவ்வப்போது அளந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வந்தால் வால்வு உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஹெட்டை இஞ்சின் ஒர்க்ஸில் கொடுத்துக் கெட்டியான வால்வு சீட் பதிக்கச் சொல்லுங்கள்.

இனி இஞ்சின். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து முன்னால் ஹேண்டில் போட்டுக் கையாலேயே சுற்றுங்கள். சுற்றாவிட்டால் இன்னும் ஊறட்டும். கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை இறக்கி ஃபில்டரை மாற்றி 20 டபிள்யூ 50 ஊற்றுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட் புதிதாக. டெல்கோவுக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளியை 0.015 அங்குலத்தில் வைத்து, கண்டென்சரை மாற்றி, பிளக் வயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்டுங்கள்.

பேட்டரி இப்போதுதான். அதற்கு முன் வயரிங்கை முழுக்கக் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். இந்த வண்டியில் பியூஸ் மிகக் குறைவு, ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே கிடையாது. எலி கடித்த ஹெட்லைட் வயர் பாடியில் பட்டால் தடுக்க ஆளில்லை, வயர் எரியும். பேட்டரி லைனில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள், தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும், டைனமோவும் அதற்கேற்றபடி. மாட்டும் முன் உங்களுடையது எப்படி என்று பாருங்கள்.

பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சில தடவை சுற்றி ஆயில் பிரஷர் வந்தபின் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டியைத் தள்ளி ஷெட்டுக்கு வெளியே கொண்டுவந்து செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் புகை உயிரைப் பறிக்கும். முதலில் புகை மண்டும், ஊற்றிய எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் தெளிந்துவிடும்.

டயர் பூ நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருடம். மூன்று இலக்கம்தான் என்றால் 2000-க்கு முந்தைய டயர். நின்றே கெட்டுப்போன ஐந்தையும் மாற்றுங்கள், ஸ்டெப்னியைச் சேர்த்து. முன் சஸ்பென்ஷனில் எத்தனை கிரீஸ் நிப்பிள் கண்ணில் படுகிறதோ அத்தனைக்கும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை மட்டும் கழற்ற முயலாதீர்கள். முறுக்கி வைத்த விசை அதில் இருக்கிறது. தேவைப்பட்டால் பழைய அம்பாசிடர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தேனிப் பக்கம் டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்தால் அப்படி ஒரு பெரியவர் கிடைக்காமல் போகமாட்டார். சாமானுக்கு சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம் இரண்டிலும் தேடலாம். பழைய இரும்புப் பாகத்தை அங்கே தயங்காமல் வாங்குங்கள். பிரேக் ரப்பரை மட்டும் நம்பிக்கையான கடையில் புதிதாக வாங்க வேண்டும்.

ஆர்.சி. புதுப்பித்து இன்சூரன்ஸ் கைக்கு வரும்வரை ஓட்டிப் பார்ப்பதெல்லாம் காம்பவுண்டுக்குள்தான், எஃப்.சி. காட்டவும் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. ரோட்டுக்கு வந்தபின் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தடவை மாற்றுங்கள், வீல் நட்டையும் பிரேக் ஆயில் மட்டத்தையும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பாருங்கள். அந்த 500 கிலோமீட்டர் முடியும்வரை அம்மாவை ஏற்ற வேண்டாம். அதற்கப்புறம் குலதெய்வம் கோயிலுக்குப் போகலாம். இறக்கத்தில் இறங்கும்போது மட்டும் கியரைக் குறைத்து, இஞ்சினிலேயே பிடித்து இறங்குங்கள். டிரம் பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும்.