டாக்ஸிஜன் ஓடுகிறது, பக்கம் மட்டும் காலி!

கேள்வி: ஒரு திறமூல சி++ நூலகத்தின் மூலநிரலை இறக்கி வைத்திருக்கிறேன். இணையம் இல்லாதபோது பார்க்க ஏபிஐ ஆவணம் (நூலகத்தின் ஃபங்ஷன், கிளாஸ்களுக்கான விளக்கம்) வேண்டும். நிரலிலிருந்து ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜன் கருவியை ஓட்டினால் பிழை எதுவும் காட்டாமல் முடிகிறது. பக்கங்களில் ஒன்றுமில்லையே, ஏன்?
— வாசகர், கோவை

பதில்: 'டாக்ஸிஃபைல்' என்ற அமைப்புக் கோப்பை நீங்களே 'ஹைஃபன் ஜி' கொடுத்து உருவாக்கியிருந்தால், அதில் 'ரெகர்சிவ்' என்பது 'நோ' என்றிருக்கும். 'இன்புட்' வரியும் காலி. அதாவது, நீங்கள் நிற்கும் ஃபோல்டரை மட்டும் பார்க்கும்; உள்ளே இறங்காது. நிரலோ பெரும்பாலும் 'எஸ்ஆர்சி', 'இன்க்ளூட்' ஃபோல்டர்களில் கிடக்கிறது. அந்த இரண்டையும் 'இன்புட்'டில் எழுதி, 'ரெகர்சிவ்'வை 'எஸ்' ஆக்குங்கள். பிடிஎஃப் தயாரிக்க உதவும் 'ஜெனரேட் லேடெக்ஸ்' தானாகவே 'எஸ்' என்றிருக்கும். பிடிஎஃப் வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள்.

இன்னும் காலியா? கமெண்டுகளைப் பாருங்கள். /* என்று தொடங்குவதை டாக்ஸிஜன் கண்டுகொள்ளாது. /** அல்லது /// வேண்டும். எந்த கிளாஸிலும் சேராத தனி ஃபங்ஷன் என்றால், அதற்குக் கமெண்ட் இருந்தாலும் போதாது. அந்தக் கோப்பின் தலையில் '\ஃபைல்' குறியும் (ஆங்கில எழுத்தில்) இருக்க வேண்டும். சி நிரல்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்பதை 'எஸ்' ஆக்கினால் கமெண்ட் இல்லாதவையும் பட்டியலில் வந்துவிடும். அடுத்தவர் நிரலைப் படிக்க அது நல்ல குறுக்குவழி. சொந்தத் திட்டத்தில் வேண்டாம்: எதற்கு விளக்கம் எழுதவில்லை என்று சொல்லும் எச்சரிக்கைகளும் அத்தோடு வாயை மூடிக்கொள்ளும்.

இத்தனைக்கும் முன்னால், திட்டத்தில் 'டாக்ஸிஃபைல் டாட் இன்' என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை நேரடியாக ஓட்டாதீர்கள். பதிப்பு எண், பாதை போன்றவற்றைப் பெரும்பாலும் சிமேக் (திட்டத்தைக் கட்டும் கருவி) தான் அதில் நிரப்பும். சிமேக்கை ஓட்டி, 'டாக்' அல்லது 'டாக்ஸ்' டார்கெட்டைக் கட்டுங்கள். நீங்கள் நிறுவியிருக்கும் பதிப்பின் கிட் டேகுக்கு (மூலநிரலில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் பெயர்) மாறிக்கொண்டு இதைச் செய்வது முக்கியம். இல்லாவிட்டால், உங்களிடம் இல்லாத ஃபங்ஷனை ஆவணத்தில் படித்துவிட்டு, நிரலை நூலகத்தோடு இணைக்கும் லிங்கரோடு மல்லுக்கட்ட நேரும்.

கேள்வி: எங்கள் பைத்தான் திட்டத்துக்கு ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவியால் தயாரிக்கும் ஆவணம் என் லேப்டாப்பில் சரியாக வருகிறது; சர்வரில் கட்டினால் தலைப்பு மட்டும்தான் வருகிறது.
— வாசகி, திருச்சி

பதில்: டாக்ஸிஜன் நிரலை எழுத்தாகப் படிக்கிறது. ஸ்பிங்ஸின் ஆட்டோடாக் நீட்சி அப்படியல்ல. உங்கள் மாட்யூலை நிஜமாகவே இம்போர்ட் செய்து, டாக்ஸ்ட்ரிங்கை (நிரலுக்குள் எழுதிய விளக்க வரிகளை) எடுக்கிறது. சர்வரில் நம்பை போன்ற ஒரு பேக்கேஜ் இல்லையென்றால் இம்போர்ட் அங்கேயே விழும். அது வெறும் எச்சரிக்கைதான் என்பதால் கட்டுமானம் 'வெற்றி' என்றே முடிந்துவிடும். திட்டத்தையும் அது கேட்கும் பேக்கேஜ்களையும் அங்கே பிப் கொண்டு நிறுவுங்கள். முடியாத கனமான பேக்கேஜ்களை மட்டும் 'கான்ஃப் டாட் பிஒய்' கோப்பில் 'ஆட்டோடாக் மாக் இம்போர்ட்ஸ்' பட்டியலில் சேருங்கள்; அவற்றுக்குப் பதில் போலி மாட்யூல் வைக்கப்படும். ஸ்பிங்ஸ் கட்டளைக்கு 'ஹைஃபன் டபிள்யூ' (பெரிய எழுத்து) கொடுத்தால் எச்சரிக்கையே பிழையாகி, காலிப் பக்கம் வெளியே போகாது.

இம்போர்ட் ஆகும்போதே தரவுத்தளத்தோடு இணையும் மாட்யூல் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆவணம் கட்டும்போதும் அது இணையப் பார்க்கும்.

கேள்வி: நிறுவிய பைத்தான் பேக்கேஜ்களின் விளக்கத்தை இணையமில்லாமல் பார்க்க வழி?
— வாசகர், மதுரை

பதில்: எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். பைத்தானோடு வரும் 'பைடாக்'கை 'ஹைஃபன் பி' கொடுத்து ஓட்டினால் பிரவுசரில் பட்டியல் திறக்கும். விர்ச்சுவல் என்விரான்மென்ட் (திட்டத்துக்கென்று தனியாக வைத்த பைத்தான் சூழல்) வைத்திருந்தால் அதை இயக்கிவிட்டு ஓட்டுங்கள். இல்லையென்றால் அதற்குள் இருப்பவை பட்டியலில் வராது.