அம்மா கதைப்பதில்லை

வணக்கம் அக்கா,

அம்மாவுக்கு 81 வயது, மறதி நோய். இரவில் கதவைத் திறந்துகொண்டு காலி வீதிக்கு இறங்கத் தொடங்கியதும் தெஹிவளையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். சுத்தமான இடம், சாப்பாடும் நல்லது. பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் சிங்களம்தான். ஆனால் அம்மா கந்தோரில் வேலை செய்தவ, சிங்களம் அவவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும் இப்போது கதைப்பதே இல்லை. பின்னேரமானால் "வீட்டை போகவேணும்" என்று அழுகிறாவாம். ஒரு குளிசை கொடுக்கிறார்கள், பிறகு நித்திரைதான். ஞாயிறு மத்தியானம் போவேன், என்னை மட்டுக்கட்டுவதில்லை. போவதில் பலன் உண்டா?

வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உண்டு. 2014இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் அல்சைமர் என்ற வகை மறதி நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும் சிரிப்பூட்டுபவற்றையும் காட்டினார்கள். பார்த்தது சில நிமிடங்களில் மறந்துவிட்டது. அது கிளப்பிய துக்கமும் சந்தோஷமும் தங்கி நின்றன. நீங்கள் வந்தது அம்மாவுக்கு மறந்தாலும் வந்ததால் உண்டான ஆறுதல் கொஞ்ச நேரமாவது நிற்கும். "நான் யார் சொல்லுங்கோ" என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

சிங்கள விஷயத்தை நீங்கள் ஆறுதலாகச் சொல்கிறீர்கள். நான் அங்கேதான் தொடங்குவேன். இந்த நோயில் பிந்திப் படித்த மொழி பலருக்கு முந்திப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகள் இவ கதைக்காத மனுஷி என்று நினைத்திருக்கலாம். இவவுக்கோ அவர்கள் சொல்வது விளங்காமல் இருக்கலாம். பசிக்குதா, நோகுதா, தண்ணி, கக்கூசு என்று பத்துத் தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள். கந்தோர்க்காரி, இன்ன சாமியைக் கும்பிடுகிறவ, பிளேன்டீக்குச் சீனி கூட வேணும், இதையும் எழுதுங்கள். யாரைப் பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் பார்க்கிறவர்களுக்கும் கதைக்க விஷயம் கிடைக்கும். இங்கிலாந்தில் 69 பராமரிப்பு இல்லங்களில் பணியாளர்களைப் பழக்கி, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் மறதி நோயுள்ளவர்களோடு அவரவருக்குப் பிடித்த விஷயத்தில் கதைக்க வைத்தார்கள். வாழ்க்கைத் தரம் கூடியது, பதற்றம் குறைந்தது என்று 2018இல் எழுதினார்கள். ஒரே ஒரு மணித்தியாலம்! நம் இல்லங்களில் ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஆனாலும் இதற்குப் பெரிய காசு தேவையில்லை.

அடுத்தது குளிசை. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடும் மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் (antipsychotic) ஒன்றாக இருந்தால், மறதி நோயுள்ள முதியவர்களில் அவை மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இலும் 2008இலும் எச்சரித்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவு குழப்பத்துக்கு அது தேவைப்படலாம். அழுகைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். நீங்களாக நிறுத்த வேண்டாம். எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டரைக் கேளுங்கள். மலச்சிக்கல், சலக்கடுப்பு, மூட்டு நோவு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத நோவும் அழுகையாகத்தான் வரும்.

அப்புறம், "இதுதானம்மா வீடு" என்று வாதாட வேண்டாம். எந்த வீடு, முற்றத்தில் என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். இனி ஞாயிறு மத்தியானத்தை விட்டுவிட்டு, சாதாரண நாளொன்றில் பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள். அழுகை தொடங்கும் நேரம் அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று நீங்களே பார்க்கலாம்.