கல் தேய்க்க அலாஸ்காவா?

கேள்வி: அமெரிக்காவில் சூழலியல் முதுகலை படிக்கும் என் மகளுக்கு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலாஸ்காவின் டூலிக் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்றால், "ஓடையிலிருந்து கல் எடுத்துத் தேய்க்கணும்மா" என்கிறாள். கரடி வேறு உண்டாம். இதற்குப் போய் ஒரு கோடையை வீணாக்கலாமா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் மகள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே கல்லைத்தான் தேய்க்க வேண்டும். ரப்பர் கால்சட்டையோடு ஐஸ் தண்ணீரில் இறங்கி, உள்ளங்கை அளவுக் கல்லை எடுத்து, தட்டில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். கழன்று வரும் பழுப்புக் குழம்பை வடிதாளில் வடிகட்டி, அலுமினியத் தாளில் மடித்து உறையவைப்பார்கள். கல்லில் எவ்வளவு பாசி இருந்தது என்பதை அதிலுள்ள பச்சையத்தைக் கொண்டு பிறகு அளப்பார்கள். அப்புறம் அடுத்த கல்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அந்தப் பக்கம் குபாருக் என்று ஓர் ஆறு. அதன் தண்ணீரில் பாசி வளரத் தேவையான பாஸ்பரஸ் என்ற சத்து மிகக் குறைவு. உறைந்து கிடக்கும் மண் இளகிச் சத்துகள் ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 1983 முதல் கோடைதோறும் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதலில் கல்லில் பாசி பெருகியது, கிரேலிங் மீன்கள் கொழுத்தன. அதோடு மூட்டை கட்டியிருந்தால் 'உரம் போட்டால் பாசி வளரும்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எட்டு வருஷம் கழித்துப் பார்த்தால், பாசி இருந்த இடத்தை மாஸ் என்ற அடர்ந்த செடி பிடித்துக்கொண்டது. அடியில் வாழும் பூச்சிகளும் மாறிவிட்டன. வருஷா வருஷம் யாரோ ஒரு மாணவர் அதே இடத்தில் அதே மாதிரி கல்லைத் தேய்த்ததால்தான் இது தெரிந்தது.

அதனால் நேரத்தை வீணாக்குகிறாள் என்ற கவலை வேண்டாம். ஆனால் இது பருவ வேலை. ஆகஸ்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. ஒப்புக்கொள்ளும் முன்பே அவள் பேராசிரியரிடம் ஒன்றைக் கேட்கட்டும்: சேகரிக்கும் தரவில் ஒரு பகுதியைத் தன் ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தலாமா? 'பார்க்கலாம்' என்றால் போதாது, மின்னஞ்சலில் எழுதி வாங்கட்டும். விசாவுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். சம்பளத்தோடு தங்குமிடமும் சாப்பாடும் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

கரடி உண்டு. கூட்டமாகப் போவார்கள், விரட்டும் ஸ்பிரே இடுப்பில் இருக்கும். என்னைக் கேட்டால் கொசுதான் பெரிய தொல்லை. முகத்துக்கு வலை இல்லாமல் வெளியே நிற்க முடியாது. பெரிய மருத்துவமனைக்கு ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வர வேண்டும். பல இடங்களில் சரளைச் சாலை, ஒரு நாள் பயணம். ஆஸ்துமா, ஒவ்வாமை எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மூன்று மாத மருந்தைக் கையோடு எடுத்துப் போகட்டும்.

இன்னொன்று, பென்சில் கொண்டுபோகச் சொல்லுங்கள். நான் களவேலைக்குப் புதிதாகப் போனபோது பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டுகள் ஈரத்தில் கரைந்து, எந்தக் குப்பி எந்த ஓடை என்றே தெரியாமல், ஒரு நாள் முழுக்கச் சேர்த்ததைக் கொட்ட வேண்டியதாயிற்று.

ஜூனில் அங்கே சூரியன் மறையாது. இரவு பத்தரைக்கு அவள் வீடியோவில் அழைத்தால் உங்களுக்கு நண்பகல் பன்னிரண்டு. அவள் முகத்திலும் வெயில் அடிக்கும். பகல்தானே என்று மணிக்கணக்கில் பேசிவிடாதீர்கள், அவள் தூங்க வேண்டும்.