பழைய கட்டடங்களும் இடிப்பு அனுமதியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மயிலாப்பூரில் என் தாத்தா கட்டிய வீட்டுக்கு 90 வயதாகிறது. நூறாண்டு நிறைந்துவிட்டால் அதை யாராலும் இடிக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையன்று. நூறாண்டு என்பது, மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு கட்டடம் தொன்மைச் சின்னமாக அறிவிக்கப்படத் தகுதி பெறுவதற்கான கணக்கு மட்டுமே. அறிவிக்கை வெளிவராதவரை நூறு வயதும் ஒன்றுதான், இருநூறு வயதும் ஒன்றுதான். சென்னைக்குள் உங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதைப் பட்டியல்தான் தீர்மானிக்கும்.

கேள்வி: பட்டியல், பட்டியல் என்று எழுதுகிறீர்கள். அது எது? ஒரு கட்டடம் அதில் இல்லையென்றால் கதை முடிந்ததா?

பதில்: நகரில் விளம்பரப் பலகைகள் எங்கே வைக்கக்கூடாது என்ற வழக்கில் அமைக்கப்பட்ட நீதிபதி பத்மநாபன் குழு, சுமார் 470 கட்டடங்களையும் இடங்களையும் அடையாளம் கண்டு தொகுத்ததே நாம் இன்றும் கையில் வைத்துக்கொண்டு அலையும் பட்டியல். பலகைகளுக்காகத் தொடங்கிய அந்தப் பணி, அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் கட்டடங்களுக்கே கவசமாயிற்று. 1897-இல் எழுந்த அக்கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2010-இல் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்ததோடு, இத்தகைய விண்ணப்பங்களை ஆராயப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும் பணித்தது. பட்டியலில் பெரிய சாலைகளின் பெரிய கட்டடங்களே மிகுதி. திண்ணையும் முற்றமுமாக உள்தெருக்களில் நிற்கும் வீடுகள் மிகச் சில. அதனால், பட்டியலில் இல்லை என்பதற்கு மதிப்பில்லை என்று பொருளன்று. யாரும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் போனவை போனவைதான். சேர்க்கக் கோரி எழுதுங்கள்; எழுதும் முன் படம் எடுங்கள், அளவெடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் அழகான பழைய பங்களா ஒன்றை இடிக்கிறார்கள். உடனே தடுத்து நிறுத்தவும்.

பதில்: எந்த ஊர், எந்தத் தெரு, கதவு எண் என்ன என்று ஒரு சொல்கூட எழுதாமல் எதைத் தடுப்பது? இம்மாதம் இப்படி நான்கு கடிதங்கள் வந்துள்ளன. அழகு என்பது அதிகாரியின் கோப்பில் நிற்கும் காரணமன்று. முகவரி, சர்வே எண், தெருவிலிருந்து நாலு பக்கமும் எடுத்த படங்கள், கட்டிய காலத்துக்கு ஏதேனும் ஒரு சான்று ஆகியவற்றோடு மாநகராட்சிக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சிஎம்டிஏ) ஒரே நாளில் எழுதி ஒப்புகை வாங்குங்கள். இடிப்புக்கு அனுமதி வழங்கப்பட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆனால் பதிலுக்கு முப்பது நாள் ஆகும், புல்டோசருக்கு ஒரு நாள் போதும். ஓடுகளை இறக்கத் தொடங்கிய பிறகு எழுதுவதைக் காட்டிலும், வீடு பூட்டிக் கிடக்கத் தொடங்கும்போதே எழுதுவது நல்லது.

கேள்வி: எங்கள் குடும்பக் கட்டடம் "பழுதடைந்து அபாயகரமான நிலையில் உள்ளது" என்று மாநகராட்சி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. பொறியாளர் ஒருவர் தந்த உறுதித்தன்மை அறிக்கையும் அதையே சொல்கிறது. இனி இடிப்பதைத் தவிர வேறு வழியுண்டா?

பதில்: உண்டு. இந்தக் கேள்விக்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த மாநிலத்தில் பழைய கட்டடங்களைக் கொன்றதில் இடியும் மழையும் செய்ததைக் காட்டிலும் இத்தகைய இரண்டு பக்க அறிக்கைகள் செய்தது அதிகம்.

முதலில் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். மாநகராட்சிச் சட்டங்களின் வாசகத்தில் பழுது பார்த்தல், தாங்கு கொடுத்துப் பாதுகாத்தல், அகற்றுதல் என எல்லா வழிகளும் இருக்கும். உரிமையாளர்களில் பலர் கடைசிச் சொல்லை மட்டும் படிக்கிறார்கள். சிலருக்கு அது மட்டுமே தேவையாகவும் இருக்கிறது.

அடுத்து, அந்த அறிக்கையில் என்ன சோதனை செய்தார்கள் என்று பாருங்கள். எனக்கு வரும் அறிக்கைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை அறிய உருவான ரீபவுண்ட் ஹாமரைச் சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவரில் தட்டி, கிடைத்த எண்ணைக் கான்கிரீட் அட்டவணையோடு ஒப்பிட்டு, "வலிமை போதாது" என்று எழுதியிருக்கிறார்கள். சுண்ணாம்பு கான்கிரீட்டைப் போல் கடினமாக இராது; இருக்கவும் கூடாது. அந்த மென்மையால்தான் சுவர் சற்றே அசைந்து கொடுத்தும், ஈரத்தை வெளியேவிட்டும் நூற்றைம்பது ஆண்டு நிற்கிறது. இரண்டடி தடிமனுள்ள சுவருக்கு இந்த எண்ணால் ஒரு பொருளும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ் டவுனில் ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை "முற்றிலும் செயலிழந்தது" என்பது அறிக்கை. மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் குறுக்குச் சாய்வில் நிறுத்தி அடுக்கிய மெல்லிய செங்கற்கள், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. ஏணி வைத்து ஏறி, சுவருக்குள் செருகியிருந்த கட்டை முனையில் பேனாக்கத்தியைக் குத்தினேன். ரொட்டியில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. இரண்டு சாண் தள்ளிக் குத்தினேன், முனை மடங்கியது. பதினான்கு கட்டைகளையும் அப்படியே பார்த்தேன். கெட்டிருந்தவை மூன்று, அவையும் முனையில் மட்டுமே. மேலே போனால், மழைநீர்த் தூம்பின் வாயை அரசங்கன்று அடைத்திருந்தது. தேங்கிய நீர் நேரே அந்த மூன்று முனைகளுக்குத்தான் இறங்கியிருந்தது. கெட்ட முனைகளை அறுத்து நல்ல தேக்கை இணைத்து, சுவரோரம் இரும்புத் தாங்கு வைத்துத் தூம்பைச் சீராக்கினால் தீர்ந்திருக்கும். நான் குறிப்பு எழுதி அனுப்புவதற்குள் வீடு தரைமட்டமாகிவிட்டது. அன்று எடுத்த நாற்பது படங்கள்தான் இன்று அந்த வீடு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. சுண்ணாம்புக் கட்டுமானத்தில் பழகிய பொறியாளரையோ மரபுக் கட்டடக் கலைஞரையோ அழைத்து இரண்டாவது அறிக்கை பெறுங்கள். எந்தக் கட்டை, எந்தச் சுவர், எவ்வளவு நீளம் கெட்டது என்று வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே கண்ணாடிச் சில்லைச் சாந்தில் பதித்து, தேதி எழுதி வையுங்கள். சில்லு உடையாமல் பல மாதம் நின்றால் அது வளரும் விரிசலன்று. அதற்கிடையில் சவுக்குக் கம்பால் தாங்கு கொடுத்து, நீர் நுழையும் வழியை அடைத்து, தாங்கு கொடுத்திருப்பதைப் படத்தோடு மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேண்டுமென்றே கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டு இரண்டு பருவமழைக்குக் கட்டடத்தைத் திறந்து வைத்து, பிறகு "அபாயம்" என்று விண்ணப்பிக்கும் உரிமையாளர்களுக்கு அனுமதி தருமுன், அந்தப் பழுது எப்படி வந்தது என்று ஆய்வுக் குழு கேட்டே ஆக வேண்டும். இதை நான் சலிக்காமல் எழுதிக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: காரைக்குடி அருகே எங்கள் பூர்வீக வீட்டில் இருபத்தெட்டுப் புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்கு. வளவுத் (உள்முற்றத்துத்) தூண்களையும் நிலைக்கதவையும் மட்டும் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். வீடு அப்படியே நிற்குமல்லவா?

பதில்: நிற்காது. வளவைச் சுற்றியுள்ள ஓட்டுக் கூரையின் பாரம் அந்தப் பர்மாத் தேக்குத் தூண்களில்தான் இறங்குகிறது. தூண் போனால் அடுத்த ஐப்பசியில் ஓடு சரியும், அதற்கடுத்த ஆண்டு ஆத்தங்குடித் தளக்கல்லில் புல் முளைக்கும், பிறகு அதே வியாபாரி மிச்சத்தை விறகு விலைக்குக் கேட்பார். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்றது செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி. உங்கள் வீட்டுத் தூண்கள் ஒரு விடுதியின் வரவேற்பறையில் நின்றால் அவை அந்தத் தொகுதியில் சேரா. வீடு முழுவதையும் குத்தகைக்கு விடுவது குறித்துப் பங்காளிகள் கூடிப் பேசுங்கள். அதுவரை ஓடு மாற்றும் செலவை மட்டுமாவது பகிர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து 80 மீட்டரில் ஓட்டு வீடு. இடித்துவிட்டு அதே அளவில் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: இடிக்காதீர்கள். 2010-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கும் மறுகட்டுமானத்துக்கும் இடமில்லை. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே நிற்கும் வீடாயின், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். இடித்துவிட்டால் வெறும் மனைதான் மிஞ்சும். தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்க வேண்டும்.

கேள்வி: புதுச்சேரியில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் நான்கு மாடி எழுப்பினால் பாதுகாப்புத்தானே?

பதில்: பாதுகாப்பன்று. திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் ஒன்றையொன்று சார்ந்தவை. வைசியாள் வீதி 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்றது, வீதி முழுதும் ஒரே உடலாகச் சீர் செய்யப்பட்டதால். பிரெஞ்சுக் கால நகரமன்றமான 1870-களின் மேரி கட்டடம் 2014 மழையில் சரிந்தபின் அதே வடிவில் மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். வடிவம் திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சியே. பழைய சுவர் திரும்பவில்லை.

கேள்வி: ஊரார் பார்த்து மகிழ நான் ஏன் செலவழிக்க வேண்டும்? என் மனையில் ஆறு மாடி கட்டினால் பேரப்பிள்ளைகள்வரை கவலையில்லை.

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. மும்பை 1995-இலேயே பாரம்பரிய விதிகளைக் கொண்டுவந்தபோது, கட்ட இயலாத பரப்பின் உரிமையை வேறிடத்துக்கு மாற்றித்தரும் வழியையும் சேர்த்தே வைத்தது. இழப்பீடு இன்றிப் பட்டியலில் மட்டும் சேர்ப்பது உரிமையாளரைக் கட்டடத்தின் பகைவராக்கும் என்று குழுக் கூட்டங்களில் நானே பலமுறை வாதிட்டிருக்கிறேன். சொத்துவரிக் கழிவையும் வளர்ச்சி உரிமை மாற்றத்தையும் எழுத்தில் கேளுங்கள். நூறு உரிமையாளர்கள் கேட்டால் கோப்பு நகரும்.

கேள்வி: மாடிச் சுவரில் அரசங்கன்று. பிடுங்கிவிட்டுச் சிமென்ட் பூசலாமா?

பதில்: இரண்டும் கூடாது. பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். தண்டை அறுத்து, வெட்டுவாயில் வேர்க்கொல்லி மருந்து தடவி, வேர் காய்ந்தபின் அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். இரண்டு ஆண்டில் சுவர் உப்புப் பூத்து உதிரும். வெட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.