பாப்பரஸியும் வீடற்ற இளைஞனும்: அந்தப் படம் எது?

பாப்பரஸி ஒருவரிடம் வீடற்ற இளைஞன் சேர்ந்துகொள்ளும் ‘டெலிரியஸ்’ என்ற படத்தைத் தேடியும் கிடைக்கவில்லை, அது எது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது டாம் டிசில்லோ இயக்கிய ‘டெலிரியஸ்’, 2006. நியூயார்க்கில் பிரபலங்களைத் துரத்திப் படமெடுக்கும் லெஸ்ஸாக ஸ்டீவ் புஷெமி. அவரிடம் சம்பளமில்லாமல் ஒட்டிக்கொள்ளும் டோபியாக மைக்கேல் பிட்.

பெயரைப் போட்டுத் தேடினால் எடி மர்ஃபியின் மேடை நகைச்சுவைதான் வருகிறது என்றீர்கள். பெயர்ப் பொருத்தம்தான் காரணமாக இருக்கும். அது 1983-இல் வந்தது. 1991-இல் ஜான் கேண்டி நடித்த படத்துக்கும் இதே பெயர். பெரிய நடிகர்கள் முன்னே வந்து நிற்க, திரையரங்கிலேயே அதிகம் ஓடாத இந்தச் சிறிய படம் அடியில் போய்விடுகிறது. பாவம்தான்!

பெயருடன் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். கிடைத்தது சரியான படம்தானா என்று உறுதிசெய்ய, கோல்டி ஹான் மதிய உணவு சாப்பிடும் புகைப்படத்தை ஏதோ பதக்கம் வாங்கியதுபோல் லெஸ் காட்டிப் பெருமைப்படும் இடத்தைப் பாருங்கள். பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ, எல்விஸ் காஸ்டெல்லோவாகவே வந்து போவார்.

2004-இல் வெளியான ‘பாப்பரஸி’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பழிவாங்கும் கதை. இன்னொன்று: முழுநீள நையாண்டியை எதிர்பார்த்தால் சற்று ஏமாறுவீர்கள். பாதிக்குமேல் லெஸ்ஸின் வயிற்றெரிச்சல்தான். எனக்குப் பிடித்ததும் அதுவே.