பழைய டிவி, சர்க்யூட் போர்டு, சிஎஃப்எல் பல்பு, பேட்டரி எல்லாம் வீட்டில் கிடந்தால் உடம்புக்கு ஆபத்தா?

உடையாமல் ஓரமாகக் கிடக்கும் வரை பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆகாது. உடைப்பது, சூடாக்குவது, எரிப்பது, ஆசிட்டில் போடுவது: இவற்றில் ஏதாவது நடக்கும்போதுதான் உள்ளே இருக்கும் நஞ்சு வெளியே வரும். பேட்டரி மட்டும் விதிவிலக்கு. அது சும்மா வைத்திருந்தாலும் கெட்டுப்போய் வம்பு செய்யும்.

குழாய் வைத்த பழைய டிவியில் எக்ஸ் கதிரைத் தடுக்கக் கண்ணாடியிலேயே ஈயம் கலந்திருப்பார்கள். பின்பக்கப் புனல் பகுதியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடுதான். கண்ணாடியோடு பிணைந்திருப்பதால் தொட்டால் பயமில்லை. கழுத்தில் இருக்கும் செம்புச் சுருளுக்காகக் குழாயை உடைத்தால் ஈயத் தூள் கிளம்பும். திரையின் உட்பக்கப் பூச்சும் பொடியாக உதிரும். மிகப் பழைய குழாய்களின் அந்தப் பூச்சில் காட்மியம் என்னும் நச்சு உலோகமும் உண்டு. உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி சிதறி முகத்தில் அடிக்கும் ஆபத்து தனி.

சர்க்யூட் போர்டு விஷயத்தில் பலரும் பயப்படுவது தவறான இடத்தில். பாகங்களைப் போர்டில் ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் உலோகக் கலவைதான் சால்டர். பழைய சால்டரில் 63% வெள்ளீயம், 37% ஈயம். 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சால்டரிங் அயர்ன் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியும் புகை, சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பிளக்ஸ் என்ற பொருளின் புகை. அது ஆஸ்துமாவைக் கிளப்பும், அதனால் காற்றோட்டம் வேண்டும். ஈயம் உடலுக்குள் போவது பெரும்பாலும் கை வழியாக. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடுவது, அதே உடையோடு குழந்தையைத் தூக்குவது, இவைதான் வழிகள். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடல் ஏறக்குறைய 10% உறிஞ்சும்; சிறு குழந்தைகளின் உடல் பாதி வரைகூட உறிஞ்சும். ரத்தத்தில் சில வாரங்கள், எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. போர்டை அடுப்பிலோ நெருப்பிலோ வாட்டிப் பாகங்களைக் கழற்றினால் கதையே வேறு. அந்தச் சூட்டில் ஈயமும் புகையாகும். தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் சிதைந்து நச்சுப் புகையாகும்.

செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மேலுறை பிவிசி, அதில் குளோரின் இருக்கிறது. உள்ளே இருக்கும் செம்பே வினையூக்கியாகி டையாக்சின் என்னும் கடும் நச்சு உருவாவதை வேகப்படுத்துகிறது. புகை போன பிறகும் சாம்பலிலும் மண்ணிலும் அது கிடக்கும். அங்கே கொத்தித் திரியும் கோழியின் முட்டை வரை வந்து சேரும். நம் உடலில் புகுந்தால் கொழுப்பில் தங்கி, பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் பிடிக்கும். ஒயர் ஸ்டிரிப்பரால் உரித்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

சிஎஃப்எல் பல்பில் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான். ஆனால் அது ஆவியாகிவிடும். மூச்சில் போனால் ஏறக்குறைய 80% ரத்தத்தில் கலக்கும். பல்பு உடைந்தால் ஃபேன், ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். துடைப்பமோ வேக்கம் கிளீனரோ கூடாது, இரண்டும் பாதரசத்தைப் பரப்பும். தடித்த அட்டையால் சில்லுகளை வழித்தெடுங்கள், பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுங்கள், கடைசியில் ஈரத் தாளால் துடையுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். பழைய எல்சிடி திரைகளிலும் பின்னால் மெல்லிய பாதரச விளக்குக் குழாய்கள் இருக்கும். பிரிக்கும்போது முதலில் முறிவது அவைதான்.

உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ, குத்திக் காற்றை வெளியேற்றவோ, மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. தீப்பற்றினால் வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். அது நுரையீரலை அரிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட உலோக டப்பாவில் வெளியே வைத்து, சீக்கிரமே மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தீர்ந்துபோனது என்று நினைத்து மேசையில் போட்டுவைக்கும் பட்டன் பேட்டரியிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே ஆழமான புண்ணாகிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.