விசையை அழுத்தும் முன்பே பாதி வெல்டிங் முடிந்துவிடுகிறது

கேள்வி: குடியாத்தம் அருகே சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். 12 ஆண்டுகளாக ராடு வெல்டிங்கில் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்து வருகிறேன். போன மாதம், ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் 200 ஆம்பியர் மிக் மெஷின் ஒன்று வாங்கினேன். கேஸ் வைத்தும் ஓட்டலாம், கேஸ் இல்லாமலும் ஓட்டலாம் என்றார்கள். கூடவே வந்த கேஸ் இல்லாத கம்பியைப் போட்டு 18 கேஜ் சதுரக் குழாயைப் பற்றவைத்தால் ஓட்டை விழுகிறது, பொறி கண்டபடி தெறிக்கிறது. கம்பி மெஷினுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில்தான் ஓட்டுகிறேன், அது போதுமா? கேஸ் சிலிண்டர் வாங்கியே ஆக வேண்டுமா? தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த காலி இரும்பு பேரல்களை வெட்டித் தொட்டி செய்து தரும் வேலை ஒன்றும் வந்திருக்கிறது. மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இருப்பதாக என் உதவியாள் பையன் அடிக்கடி சொல்கிறான்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓட்டை விழுந்தால் குழாய்தான் வீணாகும். அந்தச் சுருக் அப்படிப்பட்டதல்ல. இதைப் படித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம்.

இந்தக் காலத்து இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின்களில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, உள்ளே வரும் இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் வெளித் தகட்டுக்குச் சிறு கப்பாசிட்டர்கள் பொருத்தியிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் தகடு ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் பையன் 'சுருக்' என்பதோடு தப்பித்து வருகிறான். நாளைக்கு உள்ளே ஒரு கம்பி உரசித் தகட்டில் பட்டால் அங்கே முழு 230 வோல்ட்டும் நிற்கும். ஏற்கெனவே உரசத் தொடங்கிவிட்டதோ என்பதையும் சோதித்தால்தான் தெரியும்.

எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டர் மட்டும் போதாது. முக்கால்வாசி அறுந்துபோன எர்த் கம்பியிலும் மீட்டர் 230 என்று காட்டிவிடும், ஏனென்றால் அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை. பழைய மின்பணியாளர்கள் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்ப்பார்கள். நியூட்ரலில் எரிவதுபோலவே பளிச்சென்று எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது, மங்கினால் இல்லை. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் பல்பைக் கொடுத்ததுமே அது விழுந்துவிடும். அப்படி விழுந்தால் எர்த் வழி இருக்கிறது என்று பொருள். தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை இது. நீங்களே கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முயல வேண்டாம். நம் பக்கம் பாறை நிலம். சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்து கல்லாகிவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் அதற்கும் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த மாதமே மாட்டிவிடுங்கள்.

பட்டறைகளில் 'எர்த்' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு பொருளுக்குச் சொல்கிறோம், அதனால் வரும் குழப்பம் பெரிது. மூன்று முனை பிளக்கில் வரும் பச்சைக் கம்பி உயிர் காக்கும் எர்த். வேலைத்துண்டில் கவ்வும் 'எர்த் கிளாம்ப்' வெல்டிங் மின்சாரம் மெஷினுக்குத் திரும்பிப் போகும் பாதை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. காட்பாடியில் ஒரு பட்டறையில் கிளாம்ப் பல் தேய்ந்து, துருவின்மேல் ஒப்புக்குக் கவ்விக்கொண்டிருந்தது. அதே இரும்பு மேசைமேல் பிளக்கோடு கிடந்த கிரைண்டரின் பச்சைக் கம்பி உருகி உறை வெடித்திருந்ததைப் பார்த்தேன். திரும்பிப்போக வழி கிடைக்காத மின்சாரம் கிரைண்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆகவே பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு முழ தூரத்துக்குள், பெயிண்டும் துருவும் சுரண்டிய வெள்ளை இரும்பில் கிளாம்பைக் கவ்வுங்கள்.

பிளக் விஷயம். 18 கேஜ் குழாய் 1.2 மில்லிமீட்டர் தடிமன். மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியர் என்பது இரும்புக்கு ஒரு பட்டறைக் கணக்கு. அதன்படி உங்களுக்கு 50 ஆம்பியர் சுற்றி வரும். அந்த அளவுக்கு மெஷின் மின்வாரியக் கம்பியிலிருந்து 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும்; நல்ல சாக்கெட் தாங்கும். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120 ஆம்பியர் வைத்தால் இழுவை 17, 18 ஆகிவிடும். முழு 200 வைத்தால் 30-ஐத் தாண்டும். அதற்குத் தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), மெயின் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வேண்டும்; தூரம் அதிகமென்றால் 6. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர் கம்பி 30 மீட்டர் நீளம் இருந்தால் 20 ஆம்பியரில் சுமார் 20 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் சுருளுக்குள் உறை உருகும். இன்னொரு சங்கதி: வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அங்கீகரிக்கப்படாத பயன்பாடு. பிடித்தால் உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு கேட்பார்கள். தொழில் இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

இனி ஓட்டைக்கு வருவோம். ராடு வெல்டிங்கில் திறமை மணிக்கட்டில் இருக்கிறது. மிக்கில் அதில் பாதி, மெஷினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்ப்பதில் இருக்கிறது. உங்கள் கை 12 ஆண்டு பழகிய கை. அதைச் சந்தேகிக்க எனக்கு ஒன்றுமில்லை. மூடிக்குள்ளோ முன்பக்கத்திலோ பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனைகளும், டார்ச்சை (கையில் பிடித்துப் பற்றவைக்கும் துப்பாக்கி) அவற்றில் ஒன்றோடு இணைக்கும் குட்டைக் கம்பியும் இருக்கும். கேஸோடு ஓடும் செம்புப் பூச்சுக் கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸில் இருக்க வேண்டும். உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும் பிளக்ஸ் பொடியை உள்ளே அடைத்த, கேஸ் இல்லாத கம்பிக்குப் பெரும்பாலும் டார்ச் மைனஸ், கிளாம்ப் பிளஸ். கம்பிச் சுருளின் அட்டையிலேயே இது அச்சிட்டிருக்கும். பல மெஷின்கள் கடையிலிருந்து வரும்போதே டார்ச் பிளஸ்ஸில் மாட்டித்தான் வருகின்றன. அதை மாற்றாமல் பொடிக் கம்பியை ஓட்டினால் நீங்கள் சொன்ன அத்தனையும் நடக்கும்: பொறி தெறிக்கும், சூடு ஆழமாக இறங்கி மெல்லிய குழாய் ஓட்டையாகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முனைகளை மாற்றி இறுக்குங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும் என்பது என் கணிப்பு.

கம்பி சிக்குவதற்குக் காரணம் ரோலர் பக்கம். மூடியைத் திறந்தால் ரோலருக்கும் டார்ச் குழாயின் வாய்க்கும் நடுவே குருவிக்கூடுபோல் கம்பி சுருண்டு கிடக்கிறது அல்லவா? முன்னே போக வழியில்லாதபோதும் ரோலர் விடாமல் தள்ளிக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. டார்ச் முனையில் கம்பி வெளியே வரும் துளையுள்ள டிப்பை முதலில் பாருங்கள். 0.8 கம்பிக்கு 0.8 டிப், கம்பி உருகி டிப்பின் துளையில் ஒட்டியிருந்தால் புதிதாக மாற்றுங்கள், குத்திக் குத்திச் சரிசெய்த டிப் மறுபடி அடைக்கும். ரோலரில் இரண்டு வகைப் பள்ளம் உண்டு. வழுவழுப்பான 'வி' பள்ளம் கெட்டிக் கம்பிக்கு. சொரசொரப்பான பல் பள்ளம் பொடிக் கம்பிக்கு. பொடிக் கம்பி உள்ளே கூடு என்பதால் அதிகம் இறுக்கினால் நசுங்கும். அதற்கு அளவு பார்க்க ஒரு வழி: கிளாம்பைக் கழற்றித் தள்ளிவைத்துவிட்டு, உலர்ந்த மரக்கட்டைக்கு எதிரே இரண்டு அங்குலத் தூரத்தில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து விசையை அழுத்துங்கள். கட்டையில் முட்டிய கம்பி வளைந்து சுருண்டு வந்துகொண்டே இருந்தால் இறுக்கம் சரி. ரோலர் வழுக்கினால் கால் திருகு இறுக்குங்கள், அவ்வளவே. சுருளின் பிரேக், விசையை விட்டதும் சுருள் நிற்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

புதுச் சுருள் மாட்டும்போது கம்பி முனையைக் கையிலிருந்து விட்டுவிடாதீர்கள். விட்டால் ஒரு கிலோவும் வில்லைப்போல் அவிழ்ந்து, குப்பைக்குத்தான் போகும். வளைந்த முனையை நேராக வெட்டி, அரத்தால் ஒருமுறை தேய்த்து, டிப்பைக் கழற்றிவிட்டு, டார்ச் கேபிளைத் தரையில் நேராகப் போட்டு ஓட்டுங்கள். அப்போது கண்ணாடி போட்டிருக்க வேண்டும். வருகிறதா என்று டார்ச் வாயை உற்றுப் பார்ப்பதும், உள்ளங்கையை எதிரே வைப்பதும் கூடாது. ஊசிபோல் உள்ளே இறங்கிவிடும். விசை அழுந்தியிருக்கும்வரை கம்பி, ரோலர், சுருள் எல்லாமே மின்சாரம் உள்ளவை.

அளவு வைப்பது இப்படி. வேலைக்கு ஆகாத ஒரு மிச்சக் குழாய்த் துண்டை எடுத்து, வோல்ட்டை 16 அளவில் நிறுத்தி, கம்பி வேகத்தைக் குறைவிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். வேகம் குறைவென்றால் கம்பி டிப்பை நோக்கி எரிந்து குண்டு குண்டாகச் சொட்டும். அதிகமென்றால் கம்பி இரும்பில் முட்டி டார்ச்சையே பின்னுக்குத் தள்ளும், 'பட் பட்' என்று வெடிக்கும். நடுவே ஓரிடத்தில் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் அறுபடாமல் வரும். அங்கே நிறுத்துங்கள். பொடிக் கம்பிக்கு டிப்பிலிருந்து கம்பி 15 முதல் 20 மில்லிமீட்டர் வெளியே நிற்கட்டும், டார்ச்சை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே போங்கள். கேஸ் கம்பிக்கு 10, 12 போதும். அதைத் தள்ளிக்கொண்டும் போகலாம். 18 கேஜில் ராடுபோல் நீளக் கோடு இழுக்காதீர்கள். ஒரு புள்ளி, சிவப்பு அடங்கியதும் அதன் விளிம்பில் அடுத்த புள்ளி. இடைவெளி விழுந்த மூலைக்குப் பின்னால் ஒரு செம்புத் தகட்டை வைத்துக்கொண்டால் ஓட்டை விழாது. செம்பில் இரும்பு ஒட்டுவதில்லை.

கேஸ் வாங்கியே ஆக வேண்டுமா? கேட்டைப் பொருத்தும் இடத்துக்குப் போய் வெளியில் செய்யும் வேலைக்கு வேண்டாம். காற்று கேஸைக் கலைத்துவிடும், பற்றவைத்த இடம் தேன்கூடுபோல் பொத்தலாகும். பட்டறைக்குள் மெல்லிய குழாய் வேலை அதிகமென்றால் வாங்குங்கள். கசடு தட்டும் வேலை மிச்சம், கோடும் சுத்தமாக இருக்கும். கார்பன் டை ஆக்சைடே போதும், நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டாதீர்கள், அந்த வாயு தரையோடு தேங்கி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும்.

மெஷினின் தகட்டில் 60% என்று எழுதியிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் ஓட்டலாம் என்று பொருள். பொதுவாக அது 40 டிகிரி வெப்பத்தில் போடும் கணக்கு. கத்திரி வெயிலில் நம் தகரக் கூரைக்குக் கீழே 40 எங்கே நிற்கிறது? மெஷினுக்கு ஓய்வு கொடுங்கள், உங்களுக்கும்தான். வியர்வையில் நனைந்த கையுறையும் ஈரத் தரையும் மின்சாரத்துக்கு நல்ல பாதை. மாற்றுக் கையுறை ஒரு ஜோடி காயட்டும், காலடியில் ஒரு மரப்பலகை கிடக்கட்டும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கும்போது தோல் கையுறைக்கும் மேலங்கிக்கும் பஞ்சமா? குரோம் பதனிட்ட தோலாகப் பார்த்து வாங்குங்கள், சூடு தாங்கும். குடியாத்தம் லுங்கியின்மேல் எனக்கு மரியாதை உண்டு. வெல்டிங் நேரத்தில் மட்டும் அது வேண்டாம், ரப்பர் செருப்பும் வேண்டாம். முகமூடிக் கண்ணாடி 10ஆம் எண். உதவியாள் பையனுக்கும் ஒன்று. தெருவில் போகும் பிள்ளைகள் பார்க்காதபடி ஒரு தகரத்தை நிறுத்துங்கள். ஒளி பட்ட கண் உடனே வலிக்காது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, நள்ளிரவில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விடாமல், குளிர்ந்த துணியால் மூடிக்கொண்டு கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஜி.ஐ. குழாய் வந்தால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்று வரும் பக்கம் நின்று செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் மாலையில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போய்விடும் என்ற நம்பிக்கை எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போயிருக்கிறது. உங்கள் ஊரில் தீப்பெட்டி வேலை நடக்கும் கட்டடங்களில் கூரை வெல்டிங் கேட்டால், இரும்பை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து செய்து, அங்கே போல்ட் போட்டு மாட்டுங்கள். கீற்றுக் கொட்டகை அருகே செய்தால் முடித்தபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பொறி உடனே தீயாகாது.

பேரல் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தது கரைப்பானா, எண்ணெயா, வேறு ரசாயனமா என்று விற்றவருக்கே தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் மடிப்பு விளிம்புக்குள் ஒட்டிய மிச்சம் போகாது. சூடு பட்டதும் அது ஆவியாகி உள்ளே காற்றோடு கலக்கும், அடுத்த பொறியில் மூடி பறக்கும். மூடியைத் திறந்துவைத்தாலும் கதை அதேதான். கிரைண்டரால் வெட்டினாலும் அதேதான். முறையாகச் செய்ய நீராவியில் வேகவைத்து, உள்ளிருக்கும் வாயுவைக் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். அது உங்கள் பட்டறையிலும் இல்லை, என்னிடமும் இல்லை. தொட்டிதான் வேண்டுமென்றால் 2 மில்லிமீட்டர் புதுத் தகடு வாங்கித் தரச் சொல்லுங்கள். 80 ஆம்பியரில் அந்த மெஷினே அருமையாகச் செய்துவிடும்.